வலிக்காத காலுக்கு ஒரு செருப்பு

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தைக்கும் காலணிகள் ஐரோப்பா வரை போகின்றன. ஆனால் மருத்துவ உலகம் இந்தப் பகுதியை நினைவில் வைத்திருப்பது அவற்றுக்காக அல்ல, மலிவான ஒரு ரப்பர் செருப்புக்காக. எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள்.

விரல் ஏன் போகிறது?

1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகிவிடும் என்றுதான் அன்று டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள். செருப்பில் ஏறிய ஆணியோடு நடக்கிறார்கள். தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. கிருமி கெடுப்பது நரம்பை; உணர்ச்சி போனபின் கவனிக்காமல் விட்ட காயங்களே விரலைக் கொண்டுபோகின்றன என்று நிறுவினார்.

கால் புண்ணுக்கு ஆணிகூட வேண்டியதில்லை. ஓரிடத்தில் வலித்தால் நாம் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். மரத்த கால் மாற்றாது. அதே இடத்தை ஆயிரம் தடவை மிதிக்கும். அந்த இடம் முதலில் சூடேறும், பிறகு கன்றும், கடைசியில் உடையும். அதனால்தான் வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் தனிச் செருப்பு செய்தார்கள். உள்ளே அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் (அதுதான் எம்.சி.ஆர்.), அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், கழன்று போகாமல் குதிகாலில் வார். ஆணி ஒன்றுகூட அடிப்பதில்லை.

இப்போது சுகர்காரர்களுக்கு

தொழுநோய்க்கு இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டுமருந்து இலவசம். 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் தெரிந்தால் தாமதிக்காமல் காட்டினால் போதும்.

நரம்பைக் கெடுப்பதில் சர்க்கரை நோயும் சளைத்ததல்ல. தொழுநோயாளிக்காகச் செய்த அதே செருப்பைத்தான் சுகர் டாக்டர்களும் எழுதித் தருகிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. சுகர் இருந்தால் அதை வருடத்துக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள்

ஊருக்கெல்லாம் ஷூ தைப்பவர்கள் தம் காலுக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பே போதும் என்று இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுகர் இருந்தால் ராத்திரி படுக்கும்முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கால் எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். புதிதாக வாங்கினால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பார்த்து வாங்குங்கள்.

கொப்புளமோ சிவப்போ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று நாள் கடத்தாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.