சீசரின் முகமும் தராசின் முள்ளும்

எங்கள் பெரம்பூரில் அடகுக் கடைக்குப் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பழைய வெள்ளி நாணயம் ஒன்றை நீட்டினால், அதில் எந்த மன்னரின் தலை இருக்கிறது என்று கடைக்காரர் பார்ப்பதில்லை. கல்லில் உரைக்கிறார், தராசில் வைக்கிறார். நாணயத்தின் முகம் ஒன்று சொல்லும். அதன் எடை வேறொன்று சொல்லும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகு விற்ற தமிழக வணிகரின் கையிலும் இத்தகைய நாணயம் இருந்தது. அதிலிருந்த முகம் ரோமாபுரிப் பேரரசருடையது.

முகம் சொல்லும் கதை

கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் அவருடைய சுவீகார மகன் ஆக்டேவியன், ஆண்டனியையும் கிளியோபாத்ராவையும் வென்றார். அடுத்த ஆண்டே எகிப்து ரோமின் வசமாயிற்று. அதனுடன் செங்கடல் துறைமுகங்களும் வந்தன. பருவக்காற்றின் உதவியால் ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்திராபோ எழுதியுள்ளார்.

ஆக்டேவியன் கி.மு. 27-இல் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்றார். இறந்த சீசரைச் செனட் சபை ஏற்கெனவே தெய்வமாக்கியிருந்தது. ஆகவே அகஸ்டஸ் தம் நாணயங்களில் தம்மைத் ‘தெய்வத்தின் மகன்’ என்று பொறித்துக்கொண்டார். அடுத்து வந்த டைபீரியஸின் தினாரியஸ் நாணயத்தில் ‘தலைமைக் குரு’ என்ற பட்டமும் உண்டு. அரசியல், மதம் இரண்டும் 4 கிராமுக்கும் குறைந்த வெள்ளியில் அடங்கிவிட்டன! கோவை வட்டாரத்தில் வெள்ளலூர், பொள்ளாச்சி முதலிய இடங்களில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விருவருடையவையே. பின்வந்த மன்னர்களின் வெள்ளி ஏன் அவ்வளவாக இல்லை?

எடை சொல்லும் கதை

பேரரசு படையால் நின்றது. படையோ சம்பளத்தால் நின்றது. ஒரு படைவீரருக்கு ஆண்டுக்கு 225 தினாரியஸ். மறுபுறம், இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று பிளினி வருந்தினார். 4 செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ். எனவே இது 1 கோடியே 25 லட்சம் தினாரியஸ். ஏறத்தாழ 55,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம்! பிளினி சற்று மிகைப்படுத்தியிருக்கலாம் என்றாலும், மிளகின் விலை புரிகிறதல்லவா?

கி.பி. 64-இல் ரோம் நகரம் தீக்கிரையானது. அரண்மனைச் செலவும் போர்ச் செலவும் சேர்ந்து நெருக்க, நீரோ மன்னர் குறுக்கு வழி ஒன்றைக் கண்டார். சுமார் 3.9 கிராம் இருந்த தினாரியஸை 3.4 கிராமாக்கினார். ஏறக்குறைய 98 சதவீதம் இருந்த வெள்ளியைச் சுமார் 80 சதவீதமாகக் குறைத்துச் செம்பைக் கலந்தார். முகமதிப்பு மட்டும் மாறவில்லை. தமிழக வணிகர்கள் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம்.

தண்ணீரில் ஒரு சோதனை

கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நீங்கள் அறிந்ததே. வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பின் அடர்த்தி 8.96. ஐந்தில் ஒரு பங்கு செம்பு கலந்தால் அடர்த்தி சுமார் 10.15 ஆகும். 3.4 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தூய வெள்ளியானால் 0.324 கிராம் எடை இழக்கும். கலப்புக் காசானால் 0.335 கிராம். வித்தியாசம் வெறும் 11 மில்லிகிராம். சாதாரணத் தராசு இதைக் காட்டாது. ஆனால் 100 காசுகளைச் சேர்த்துத் தொங்கவிட்டால் வித்தியாசம் 1.1 கிராம் ஆகிவிடும். முள் அசையும்!

உரைகல் போதாதா? தாய்லாந்தில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பழைய உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. நம்மவர்கள் அக்கலையில் தேர்ந்தவர்களே. ஆனால் ரோமானிய அக்கசாலையினர் கெட்டிக்காரர்கள். கலப்புக் காசின் மேற்பரப்பிலிருந்து செம்பை நீக்கி, வெளித்தோலை மட்டும் நல்ல வெள்ளியாக்கினார்கள். இக்காலத்து எக்ஸ்-கதிர்ச் சோதனையும் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகும். அதனால்தான் ஆய்வாளர்கள் நுண்துளையிட்டு உள்ளிருக்கும் உலோகத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். தண்ணீரோ தோலோடு நிற்பதில்லை. முழுக் காசையும் அளந்துவிடுகிறது.

நம் வீட்டு ரோமாபுரி

நீரோவோடு இது நிற்கவில்லை. போர்கள் பெருகப் பெருக வெள்ளி குறைந்தது. கி.பி. 260-களின் இறுதியில் ‘வெள்ளி’ நாணயத்தில் 5 சதவீத வெள்ளிகூட இல்லை. விலைவாசி ஏறியது, மக்கள் பழைய காசைப் புதைத்துவைத்தார்கள்.

நமக்கும் இது நேர்ந்ததுண்டு. 11.66 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் அது 50 சதவீதமாயிற்று. போர் முடிந்ததும் நிக்கல் ரூபாய் வந்தது. பாட்டியின் பெட்டியில் பழைய ரூபாய்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாயைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பழையவை சுமார் 11.3 கிராம் எடை இழக்கும். போர்க்காலத்தவை சுமார் 12.2 கிராம். ஆண்டைப் பார்க்காமலே, எது போருக்கு முந்தியது என்று சொல்லிவிடலாம். சோதனை முடிந்ததும் ஈரம் துடைத்து, எண்ணி, பாட்டியிடம் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்!