உடைந்த எலும்புக்கு ஒரு சாரம்

உடைந்த மட்பாண்டம் ஒட்டுவதில்லை. முறிந்த கிளை மீண்டும் மரத்தோடு கூடுவதில்லை. ஆனால் முறிந்த எலும்போ, நேரே நிறுத்தி அசையாமல் காத்தால், தானே கூடிக்கொள்கிறது. தோலில் பட்ட காயம் ஆறினும் வடு நிற்கும். எலும்பு நன்கு ஆறியபின், முறிந்த இடம் எது என்று எக்ஸ்ரேப் படத்திலும் காண்பது பல வேளைகளில் அரிதாகிவிடுகிறது. இயற்கை மனித உடலுக்கு அளித்துள்ள வரங்களுள் இது தலையாயது.

அந்த வரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்க அறிவியலார் செய்துவரும் முயற்சி யாது, அதில் இன்று நம் கைக்கு எட்டியது எவ்வளவு, எட்டாதது எவ்வளவு என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவருள் பலர் உடலுழைப்பையே முதலாகக் கொண்டவர். கட்டட வேலையிலும், சுமை தூக்குவதிலும், வண்டி ஓட்டுவதிலும் நாளைக் கழிப்பவர் வீட்டில் ஒருவர் கால் முறிந்தால், அந்த வீட்டின் அடுப்பே முறிந்தாற் போலாகும். ஆதலின் இது நமக்கு வெறும் அறிவு விருந்து அன்று.

எலும்பு கூடும் விதம்

எலும்பைச் செத்த கல் என்று எண்ணுதல் தவறு. அஃது உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும், புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதனுள் ஓயாமல் தொழில் செய்கின்றன. எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் குருதி உறைகிறது. சில நாட்களில் மெல்லிய குருத்தெலும்பு போன்ற ஒரு பசை இரு முனைகளையும் பிணைக்கிறது. சில வாரங்களில் அதில் சுண்ணச்சத்து ஏறிக் கடினமாகிறது. பின்னர் மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் அது செதுக்கப்பட்டுப் பழைய வடிவைப் பெறுகிறது.

முனைகள் இரண்டும் அருகருகே இருக்கும்வரை இவ்வேலை நடைபெறும். பெரு விபத்தில் எலும்பு நொறுங்கிச் சில அங்குலம் இல்லாமலே போய்விட்டால்? சீழ் பிடித்த பகுதியையோ, கட்டி வளர்ந்த பகுதியையோ மருத்துவர் வெட்டி நீக்க நேர்ந்தால்? இருப்புப்பாதைத் தொழிலில் உள்ள எமக்கு இதை விளக்க ஓர் உவமை எளிதில் கிட்டுகிறது. தண்டவாளத்தில் விரிசல் கண்டால் அன்றே சீர் செய்துவிடலாம். வெள்ளம் கரையையே அறுத்துக்கொண்டு போனாலோ, முதலில் கரை கட்டியாக வேண்டும். அதன் பின்னரே தண்டவாளம் இடலாம். எலும்பிலும் இடைவெளி ஓர் அளவுக்கு மிஞ்சினால் உடல் தானே அதை நிரப்பாது.

இன்றைய மருத்துவம்

எலும்பு முறிவு என்றதும் நம்மவர் பலர் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டை நினைப்பர். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோதும், இடையில் இடைவெளி விழுந்தபோதும் கட்டு மட்டும் போதாது, மருத்துவமனையே கதி.

அங்கு இன்று கையாளும் முறைகள் மூன்று. முதலாவது, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து இடைவெளியில் வைப்பது. நெடுங்காலமாக நம்பகமானது இதுவே. ஆயினும் எடுக்கக்கூடிய எலும்பு கொஞ்சமே. எடுத்த இடமும் வெகுநாள் வலிக்கும். இரண்டாவது, சைபீரியாவில் இலிசரோவ் என்னும் மருத்துவர் கண்ட வளைய முறை. எலும்பை ஓரிடத்தில் வெட்டி, வெளியே பூட்டிய வளையச் சட்டத்தின் திருகுகளால் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவர். நகர்ந்த இடத்தில் புது எலும்பு வளரும். 6 செண்டிமீட்டர் இடைவெளிக்கு நகர்த்துவதற்கே 60 நாள் ஆகும். அது கெட்டிப்படும்வரை மேலும் பல மாதங்கள் சட்டத்தைச் சுமக்க வேண்டும். மூன்றாவது, பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கலே வகுத்தது. இடைவெளியில் முதலில் ஒருவகைச் சிமெண்டை வைத்து, அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை உண்டாக்கும்வரை ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருந்து, பின் சிமெண்டை நீக்கி அந்தச் சவ்வுப் பைக்குள் எலும்புத் துணுக்குகளை நிரப்புவது.

இம்மூன்றும் மெய்யாகவே பயன் தருபவை. ஆனால் நாட்கூலி பெறுவோர்க்கு ஓராண்டு படுக்கை என்பது எத்தகைய துன்பம் என்று சொல்ல வேண்டுமோ?

குருத்தும் சாரமும்

இந்நிலையில்தான் அறிவியலார் வேறொரு வழியை நாடினர். மாஸ்கோவில் பிரீடென்ஸ்டைன் என்னும் அறிஞர் 1960களில் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், எலும்பு மஜ்ஜையில் குருதியை உண்டாக்கும் அணுக்களோடு, எலும்பை உண்டாக்க வல்ல வேறு சில அணுக்களும் உண்டு என்று கண்டார். செய்தித்தாள்களில் 'ஸ்டெம் செல்' என்று நாம் காணும் இனத்தைச் சேர்ந்தவை இவை; தமிழில் குருத்தணு எனலாம். வாழைக் குருத்து விரிந்து இலையாவது போல, இவ்வணுக்கள் தக்க சூழலில் எலும்பணுவாகவோ, குருத்தெலும்பு அணுவாகவோ, கொழுப்பணுவாகவோ விரிகின்றன. மஜ்ஜையில் இவை மிக அரியவை. பதினாயிரம் அணுக்களில் ஒன்று இருந்தாலே மிகுதி. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் ஊட்டமளித்துப் பெருக்க இயலும்.

அணுக்களை மட்டும் இடைவெளியில் ஊற்றினால் அவை நில்லா. அவை பற்றி நிற்க ஒரு சாரம் வேண்டும். சாரம் கட்டாமல் மாடி எழுப்புவோர் உண்டோ? கொத்தர் நின்று சுவர் எழுப்ப மூங்கிற் சாரம். எலும்பணு நின்று எலும்பு எழுப்பவும் ஒரு நுண்ணிய சாரம். எலும்பின் இயற்கைத் தாதுவாகிய ஹைட்ராக்சி அபடைட்டு என்னும் சுண்ணப் பொருளாலும், உடலில் கரையும் சில பிளாஸ்டிக் வகைகளாலும் இதைச் செய்கின்றனர். கடற்பஞ்சு போல அதில் துளைகள் இருத்தல் வேண்டும். துளை ஒவ்வொன்றும் 100 மைக்ரானுக்கு மேல், அதாவது தலைமயிரின் பருமனைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் அணுக்களும் குருதி நாளங்களும் உள்ளே புகும். பாரத்தையும் தாங்க வேண்டும். எலும்பு வளர வளரத் தானும் கரைந்து விலக வேண்டும். விரைவிற் கரைந்தால் கட்டடம் சரியும். கரையாமலே நின்றால் எலும்புக்கு இடமிராது.

இத்தாலி முதல் நம் ஊர் வரை

இது கனவன்று என்பதை இத்தாலிய மருத்துவர் குழு ஒன்று 2001இல் காட்டிற்று. கணைக்கால், முன்கை, மேற்கை ஆகிய இடங்களில் 4 முதல் 7 செண்டிமீட்டர் எலும்பை இழந்த மூவருக்கு, அவரவர் மஜ்ஜை அணுக்களையே வளர்த்து, ஹைட்ராக்சி அபடைட்டுச் சாரத்தில் ஏற்றிப் பொருத்தினர். இரண்டு மாதத்திற்குள் சாரமும் எலும்பும் பொருந்தத் தொடங்கின. 6 முதல் 12 மாதங்களில் உறுப்புகள் தொழிற்பட்டன. ஆறேழு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பொருத்தம் நிலைத்திருந்தது. ஆனால் சாரம் முற்றும் கரைந்தபாடில்லை.

நம் நாடும் பின்தங்கவில்லை. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் தாமே ஆக்கிய பீங்கான் வகைச் சாரத்தில் ஆட்டின் குருத்தணுக்களை ஏற்றி, ஆட்டின் தொடையெலும்பில் இருந்த இடைவெளியை நிரப்பிய ஆய்வை 2009இல் வெளியிட்டனர்.

பெங்களூரிலோ, யசுவந்தபுரத்திற்கு அருகே, பழையவர் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று வழங்கும் இந்திய அறிவியல் கழகம் 1909 முதல் விளங்கிவருகிறது. அங்கே பேராசிரியர் பிக்ரம்ஜித் பாசுவின் குழுவினர், ஹைட்ராக்சி அபடைட்டோடு மின்சாரம் கடத்தும் ஒரு பொருளைக் கலந்து, அதன்மேல் மனிதக் குருத்தணுக்களை வளர்த்து, மெல்லிய மின்துடிப்பு அளித்தால் அவை எலும்பாக விரிய முற்படுவதை ஆய்ந்தனர். அதே கழகத்துப் பேராசிரியர் கௌசிக் சட்டர்ஜி, சாரத்தின் வடிவமே அணுவுக்குக் கட்டளையிடுகிறது என்று காட்டிய ஆய்வாளருள் ஒருவர். நுண்ணிய இழைகளால் நெய்த சாரத்தில், வேறு மருந்து இன்றியே, அணுக்கள் எலும்பணுவின் வழியில் செல்கின்றன. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் மதில்களுக்குள் இத்தகைய வேலை நடப்பது நமக்குப் பெருமையன்றோ?

எனின், மருத்துவமனையில் ஏன் இல்லை? முதல் தடை குருதி. குருதி நாளத்திலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரானுக்கு அப்பால் உள்ள அணு உணவின்றி மடியும். பெரிய சாரத்தின் நடுப்பகுதிக்கு நாளம் போய்ச் சேருமுன் அங்குள்ள அணுக்கள் மாண்டுபோகின்றன. இரண்டாவது, அணுக்களை வாரக் கணக்கில் மாசின்றி வளர்க்கும் பெருஞ்செலவு. மூன்றாவது, இதுவரை சிகிச்சை பெற்றோர் சிலரே. பலரிடம் சோதித்து, இடுப்பெலும்பு முறையைவிட இது மேலானது என்று நிறுவினாலன்றி மருத்துவர் பொதுவாகக் கையாளார்.

ஏமாறாதிருக்க

இத்தடைகளை மறைத்து விற்போரும் உளர். எமக்குத் தெரிந்த கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து கணைக்கால் நொறுங்கப் பெற்றார். ஒரு தனியார் மருத்துவ நிலையத்தார், மூன்று ஊசிகளில் அறுவையின்றி எலும்பு வளருமென்று உறுதி கூறினர். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. ஊரிலிருந்த அரை ஏக்கர் நிலம் ஒத்திக்குப் போயிற்று. ஆறு மாதம் சென்றும் எலும்பு கூடவில்லை. பிறகு அரசு மருத்துவமனையில் இடுப்பெலும்பு வைத்துச் செய்த அறுவையால் அவர் நடந்தார். நிலம் இன்னும் மீளவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. குருதி நோய்கள் முதலியவற்றிற்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற, குருதிக் குருத்தணுச் சிகிச்சை ஒன்றே வழக்கமான மருத்துவம். ஏனையவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். ஆய்வில் சேருவோரிடம் அதற்குக் கட்டணம் பெறலாகாது. தனித்தனியே அனுமதி பெற்ற சில பொருள்களும் உண்டு. இடுப்பு மூட்டில் குருதி எட்டாமல் மடியும் எலும்புக்கு, நோயாளியின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த எலும்பணுக்களுக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. பெங்களூர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தாரின் குருத்தணு மருந்து முழங்கால் மூட்டுத் தேய்வுக்கென 2022இல் அனுமதி பெற்றது. ஆனால் முறிந்து இடைவெளி விழுந்த எலும்பை நிரப்புவதற்கு இவ்விரண்டும் ஏற்பட்டவை அல்ல.

ஆகவே யாரேனும் குருத்தணு என்று கூறினால், அன்பர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். இந்நோய்க்கு இம்முறைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி உண்டா? ஆய்வு எனின், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் அதன் எண் யாது? ஆய்வு எனின், பணம் ஏன்? பதிவேட்டை எவரும் செலவின்றிக் கணினியில் காணலாம். படித்த பிள்ளைகள் வீடுதோறும் உள்ளனர், அவர்களைக் கொண்டு பார்க்கலாம். விடை தடுமாறினால் எழுந்து வந்துவிடுதல் நலம். சயநகரில் விபத்துக்கும் எலும்புக்குமென்றே அரசின் சஞ்சய் காந்தி மருத்துவ நிலையம் உள்ளது. பழைய முறைகளேயாயினும் அவை நிறுவப்பட்ட முறைகள்.

சாரமும் குருத்தும் சேர்ந்து எலும்பு தரும் நாள் வருமென்றே நம்புகிறோம். அதுவரை உயரத்தில் நிற்போர் இடுப்பு வாரையும், வண்டி ஓட்டுவோர் தலைக்கவசத்தையும் மறவாதிருப்பாராக. நகையும் நிலமும் விளம்பரத்தாளை நம்பி வீட்டைவிட்டுப் போகாதிருப்பனவாக.