தோட்டாக் கூட்டுக்குக் கழுத்து அளவு

சுடும்போது எழும் வாயு அழுத்தத்தில் ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் மயிரிழை அளவு சுருங்குகிறது. அதனால்தான் சிக்காமல் வெளியே வருகிறது. இப்படி வரும் கூடு, அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கும்.

தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பும் அமெரிக்க இலக்குச் சுடும் போட்டியாளர்கள் சிலர் இந்தப் பொருத்தத்தைக் காப்பாற்றவே விரும்புகிறார்கள். ஆனால் கூட்டின் வாய்ப்பகுதியான கழுத்தும் விரிந்துவிடுவதால் அது புதிய குண்டைப் பிடிக்காது. .308 வின்செஸ்டர் ரகத்தில் குண்டின் விட்டம் 7.82 மி.மீ. கழுத்தின் உள்விட்டம் அதைவிடச் சுமார் 0.05 மி.மீ. குறைவாக இருந்தால் பிடி உறுதியாகும். எனவே கூட்டை டை (die) எனப்படும் அச்சுக்குள் அழுத்தி, கழுத்தை மட்டும் ஒடுக்குகிறார்கள். உடல் பகுதி தொடப்படாததால் தோட்டா சேம்பரின் நடுவில் நேராக அமரும் என்பது அவர்கள் கணிப்பு. பித்தளையும் குறைவாகவே நலிகிறது.

இதற்கு வரம்புகள் உண்டு. அந்தக் கூடு அதே துப்பாக்கிக்கே நம்பகமாகப் பொருந்தும். சில முறை சுட்டபின் உடல் பருத்து, சேம்பரை அடைக்கும் போல்ட்டை மூடுவது கடினமாகும். அப்போது கூடு முழுவதையும் ஒடுக்க வேண்டும். தானியங்கி முறையில் தோட்டா ஏறும் ரைஃபிள்களுக்கு எப்போதும் முழு ஒடுக்கமே பாதுகாப்பு. திரும்பத் திரும்ப ஒடுக்கினால் கழுத்து இறுகி விரிசல் விடும்; அளவாகச் சூடாக்கினால் பித்தளை மீண்டும் இளகும்.