ஒரு நாள் குழம்புக்கு ஆளை அனுப்பலாமா?



டி.வி.யில் சமையல் போட்டி பார்க்காத வீடு இன்றைக்கு உண்டா? சீரியல் என்றாலே முகம் சுளிக்கும் ஆண்கள்கூட, சமையல் போட்டி என்றால் தட்டோடு வந்து உட்கார்ந்து விடுகிறார்கள். சமைத்து முடிக்கும் வரை எல்லாருக்கும் சிரிப்புதான். "இந்த வாரம் வெளியே போகப் போறது..." என்று கடைசியில் இழுப்பார்கள் பாருங்கள், அப்போதுதான் வீடு இரண்டாகப் பிரிகிறது. மறுநாள் குழாயடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதே பேச்சு. "அந்தப் பொண்ணு நல்லாத்தானே சமைச்சா, அவளை ஏன் அனுப்பினாங்க?" என்று ஆளாளுக்கு நடுவரைத் திட்டுகிறோம்.

இந்த எலிமினேஷன் பற்றி எனக்கும் சில கருத்துகள் உண்டு. பத்தாவது வரை படித்து, பதினைந்து வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நம் நாக்குக்கு எட்டவில்லையே!

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டி.வி.யில் நிறம் தெரிகிறது, தட்டில் வைத்த அழகு தெரிகிறது. உப்பு தெரியுமா? புளிப்பு தெரியுமா? கறி வெந்ததா வேகவில்லையா என்பது கடித்தவருக்குத்தான் தெரியும். ஆக, நாம் "நல்லாத்தான் சமைச்சா" என்று சொல்வது சமையலைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து. கலகலவென்று பேசுகிறவர், அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கிறவர், நம் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறவர் யாரோ, அவர் பக்கம் நம் மனசு சாய்ந்து விடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, "டி.ஆர்.பி.க்காக வேணும்னே அனுப்பிட்டாங்க, வேணும்னே வெச்சிருக்காங்க" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அதற்கு நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் நடுவர்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. ருசி பார்க்க முடியாத லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா? "நூலிழை வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு, கட்டிப்பிடித்து, சோகப் பாட்டுப் போட்டு அனுப்பி வைத்தால் எங்களுக்கு என்ன புரியும்? "மசாலா பச்சை வாசனை போகவில்லை", "அரிசி இன்னும் இரண்டு நிமிஷம் வேக வேண்டும்", "கடைசியில் ஊற்றிய எண்ணெய் அதிகம்" என்று அடுப்படிப் பேச்சில் சொல்லட்டும். போகிறவர் மனசும் ஆறும், பார்க்கிற நாங்களும் ஒன்று கற்றுக்கொள்வோம்.

கோமாளி கொட்டிய உப்பு

விஜய் டி.வி.யில் 2019 நவம்பரில் 'குக் வித் கோமாளி' தொடங்கியது. செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள். பிறகு 2024-ல் வந்த ஐந்தாவது சீசனில் தாமுவோடு மாதம்பட்டி ரங்கராஜ் உட்கார்ந்தார். சமைக்கத் தெரிந்த ஒருவருக்கு, சமைக்கத் தெரியாத கோமாளி ஒருவர் ஜோடி. கண்ணைக் கட்டுவார்கள், கையைக் கட்டுவார்கள், "இப்போ கோமாளிதான் சமைக்கணும்" என்பார்கள். கொத்தமல்லி கேட்டால் கறிவேப்பிலை வரும். கோமாளி உப்பைக் கொட்டுவார், வீட்டுக்குப் போவது என்னவோ குக்குதான்!

இது என்ன நியாயம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு இது ஒன்றுதான் உண்மையான அடுப்படி மாதிரி இருக்கிறது. நமக்கு எந்த நாளில் எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கிறது? தேங்காய் அரைக்கப் போகும்போது கரண்ட் போகும். குழம்பு கொதிக்கும்போது கேஸ் தீரும். காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, "என் சாக்ஸ் எங்கேம்மா" என்று ஒரு பிள்ளை. இத்தனைக்கும் நடுவில் எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸ் மூடியாக வேண்டும். நம் வீட்டிலும் கோமாளிகள் உண்டு, பெயர்தான் வேறு. அதனால் அந்த நிகழ்ச்சியில் தடைகளைத் தாண்டி ஒருவர் உருப்படியாகச் சமைத்து வைக்கும்போது எனக்குக் கை தட்டத் தோன்றுகிறது. ஆனால் தடை எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கெட்டிக்காரக் கோமாளி கிடைத்தவரும், ஒன்றும் தெரியாத கோமாளி கிடைத்தவரும் ஒரே தராசில் நின்றால், அந்த வாரம் ஜெயிப்பது சமையலா, அதிர்ஷ்டமா?

இன்னொன்றும் கவனித்தேன். முதல் மூன்று சீசனில் கோமாளியாக வந்த சிவாங்கி, 2023-ல் நடந்த நான்காவது சீசனில் குக்காக வந்தார். இறுதிச் சுற்று வரை போனார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே சமையல் வந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சமைக்கத் தெரியாதவள் என்று யாருக்கும் நிரந்தரமாகப் பட்டம் கட்டக் கூடாது.

ஒரே ஒரு பதார்த்தமா, கூட்டிப் பார்ப்பதா?

எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். ஏழெட்டு வாரம் நன்றாகச் சமைத்தவர், எலிமினேஷன் நாளில் ஒரே ஒரு பதார்த்தம் சரியில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முந்தின வாரங்களில் வாங்கிய பாராட்டெல்லாம் கணக்கிலேயே வராது. அதே சமயம், வாரா வாரம் தடுமாறியவர் அன்றைக்கு ஒரு நாள் நன்றாகச் செய்துவிட்டால் தப்பித்துக்கொள்கிறார்.

இது நம் ஊர் நிகழ்ச்சியில் மட்டும் இல்லை. 'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா'விலும் எலிமினேஷன் அன்றைக்குச் சமைத்ததைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே 'இம்யூனிட்டி பின்' என்று ஒன்று உண்டு. முன்பே ஜெயித்து அதை வாங்கி வைத்திருந்தால், ஆபத்தான நாளில் கொடுத்துவிட்டு ஒரு தடவை தப்பித்துக்கொள்ளலாம். நம் ஊரில் சீட்டுக் கட்டி வைக்கிற மாதிரி. அது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

முந்தின வாரங்களைக் கூட்டக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் சறுக்கியவருக்கு மறுபடி எழுந்திருக்க வழி வேண்டும் அல்லவா? சரிதான். அதனால் முழுதாகக் கூட்ட வேண்டாம், பாதியாவது கூட்டுங்கள் என்கிறேன்.

கூட்டிப் பார்த்தால் மட்டும் நம் மனசுக்குப் பிடித்தவர் ஜெயிப்பார் என்று நினைக்காதீர்கள். 2021-ல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவின் இறுதிப் போட்டியை என் மகள் செல்போனில் போட்டுக் காட்டினாள். மெல்போர்ன் நகரத்தைச் சேர்ந்த கிஷ்வர் சவுத்ரி, வங்காள வம்சாவளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் நடுவர்கள் முன்னால் என்ன வைத்தார் தெரியுமா? பாந்தா பாத்! வேறொன்றுமில்லை, நம் பழைய சோறு. கூடவே உருளைக்கிழங்கு மசியலும், மத்தி மீனும். ஹோட்டலில் பார்க்க முடியாத சாப்பாடு இது என்று அவரே சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பளபளப்பான மேடையில் பழைய சோறா! ஆனால் மூன்று நடுவர்களும் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். நாம் பிள்ளைகளிடம் கூச்சத்தோடு நீட்டும் சாப்பாட்டுக்கு அங்கே முழு மதிப்பெண். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கிஷ்வருக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். இரண்டு நாள் போட்டியில் எல்லாச் சுற்று மதிப்பெண்ணையும் கூட்டினார்கள். ஜஸ்டின் நாராயணுக்கு 125, பீட் காம்ப்பெலுக்கு 124, கிஷ்வருக்கு 114. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கோபம் வரவில்லை. ஏனென்றால் எந்தச் சுற்றில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். ஒரு மதிப்பெண்ணில் தோற்ற பீட்டுக்கும் கணக்கு கண் முன்னால் இருந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன். தோற்கடியுங்கள், கணக்கைச் சொல்லித் தோற்கடியுங்கள்.

வீட்டு எலிமினேஷன்

டி.வி. போட்டிக்குப் போய் இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் இந்த எலிமினேஷன் எந்த டி.வி.யும் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிறது சகோதரிகளே!

என் ஓரகத்தி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விருந்துக்கு வத்தக்குழம்பு வைத்தாள். அவள் அம்மா வீட்டு வழக்கப்படி, இறக்கும்போது ஒரு சிட்டிகை வெல்லம் போட்டாள். எங்கள் வீட்டில் குழம்புக்கு வெல்லம் போடுகிற வழக்கம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இது குழம்பா, பாயசமா?" என்று கேட்டு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றோடு சரி. இன்றைக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. பொங்கலோ, ஆடிக் கிருத்திகையோ, காதுகுத்தோ, அவளுக்குக் காய் நறுக்குகிற வேலைதான். கரண்டியை யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. "அவளுக்குக் குழம்பு வராது" என்பது எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அவள் தனியாக இருக்கும்போது வைக்கிற குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மணத்துக்கே இரண்டு பிடி சோறு கூட இறங்கும். அது தப்பான குழம்பு இல்லை, வேறு ஊர்க் குழம்பு. அவ்வளவுதான். பழைய சோற்றை அதற்கு முன் சாப்பிட்டுப் பழக்கமில்லாத ஊர் நடுவர்கள் அதை மதித்தார்கள். நாம் பக்கத்து ஜில்லா குழம்பை மதிக்க மாட்டேன் என்கிறோம்.

குக் வித் கோமாளி இரண்டாவது சீசனில் ஜெயித்த கனியை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 தமிழ்ப் புத்தாண்டு அன்று அந்த இறுதிப் போட்டியை ஒளிபரப்பினார்கள். ஷகீலாவுக்கு இரண்டாவது இடம், அஷ்வினுக்கு மூன்றாவது. 'காரக்குழம்பு கனி' என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு குழம்பு ஒருவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுக்கிறது. இன்னொரு குழம்பு இன்னொருத்தியைப் பதினோரு வருஷம் அரிவாள்மணை முன்னால் உட்கார வைக்கிறது. டி.வி.யில் வெளியே போனவருக்காவது வைல்டு கார்டு சுற்று என்று ஒன்று வைத்து மறுபடி கூப்பிடுகிறார்கள். வீட்டில் அது எங்கே இருக்கிறது?

என் வேண்டுகோள்

போட்டி நடத்துகிறவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒருவரை அனுப்பினால் என்ன குறை என்று அடுப்படிப் பேச்சில் விளக்கமாகச் சொல்லுங்கள். முந்தின வாரச் சமையலுக்கும் ஒரு பங்கு மதிப்பெண் கொடுங்கள். வைல்டு கார்டை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

பார்க்கிற நமக்கும் ஒன்று. வெளியே போனவருக்காக வருத்தப்படுவோம், ஆனால் ஜெயித்தவரையும் நடுவரையும் வாய்க்கு வந்தபடி பேச வேண்டாம். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்.

கடைசியாக மாமியார்மார்களுக்கும், நாத்தனார்களுக்கும், பந்தியில் உட்காரும் பெரியவர்களுக்கும். சாப்பாட்டில் குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். "உப்பு ஒரு கல் கூடிடுச்சும்மா" என்று சொன்னால் எந்த மருமகளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். குறை அந்த வேளைக் குழம்போடு நிற்கட்டும், வைத்தவள் தலையில் ஏற வேண்டாம்.

வருகிற தைப்பொங்கலுக்குக் குழம்பை சின்ன மருமகள் வைக்கட்டும் என்று என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். எங்கள் அத்தை வாயிலிருந்து "பார்க்கலாம்" வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. வெல்லம் வாங்கி வைப்பது என் பொறுப்பு.

மற்ற சகோதரிகள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டில் இப்படி ஒரே ஒரு பதார்த்தத்துக்காக ஒதுக்கப்பட்டவர் யாராவது உண்டா? அவருக்கு வைல்டு கார்டு கொடுத்தீர்களா? எழுதுங்களேன், படிக்கக் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.