ரத்த சோதனையில் "பாசிட்டிவ்" வந்ததா? 2-வது சீட்டை பார்க்காமல் ஓடாதீர்கள்!

கடலூர்-

ஒருவர் ரத்த தானம் செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். சிதம்பரம் கீழவீதியில் கணக்கு எழுதுபவராகவும் இருக்கலாம். உடம்பில் ஒரு நோவும் கிடையாது.

சில நாள் கழித்து ரத்த வங்கியில் இருந்து போன் வருகிறது. "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போனால் கையில் ஒரு சீட்டு. "ஹெபடைட்டிஸ் சி - பாசிட்டிவ்."

"என்னங்க, சீட்டுல என்ன போட்டிருக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

"ஒண்ணும் இல்ல. சோத்தைப் போடு."

சீட்டு சட்டைப்பையில் இருந்து பீரோவுக்குப் போகிறது. மறுநாள் முதல் அவர் தனித் தட்டு, தனி டம்ளர். யாரிடமும் சொல்லாமல் கீழாநெல்லியை அரைத்து குடிக்கிறார். ஆஸ்பத்திரி பக்கம் மட்டும் போவதில்லை. ஆள் தப்புவது இந்த இடத்தில்தான்!

சீட்டு சொல்வது என்ன?

முதல் சோதனை கிருமியைப் பார்ப்பதே இல்லை. கிருமியோடு உடம்பு சண்டை போட்ட அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சண்டை முடிந்து கிருமி ஒழிந்தாலும் அடையாளம் மிச்சம் இருக்கும். 10 பேருக்கு கிருமி தொற்றினால் சுமார் 3 பேருக்கு மருந்தே இல்லாமல் தானாக போய்விடுகிறது. அவர்களுக்கும் சீட்டில் "பாசிட்டிவ்"தான்!

கிருமி இப்போது இருக்கிறதா என்பதை 2-வது சோதனைதான் சொல்லும். அதற்கு பெயர் "ஆர்.என்.ஏ." சோதனை. ரத்தத்தை வேறு ஊர் லேபுக்கு அனுப்புவதும் உண்டு. முடிவு வர நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் "நமக்கு எதுக்கு வம்பு" என்று நின்றுவிடக்கூடாது.

காரணம், இது சத்தம் போடாத நோய். பல பேருக்கு கண் மஞ்சளாவதே இல்லை. 20 வருஷம், 30 வருஷம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வயிற்றில் நீர் கட்டும், அல்லது ரத்த வாந்தி வரும். அப்போது பார்த்தால் கல்லீரல் சுருங்கி இருக்கும். சிலருக்கு புற்றுநோயே வந்துவிடும்.

கீழாநெல்லி கதையையும் சொல்லிவிடலாம். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதாக வெளிநாட்டு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அது "பி" வகைக்கு. "சி"க்கு அல்ல. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்த பலனும் உறுதியாகவில்லை.

84 நாள்

"சி" கிருமியை கண்டுபிடித்ததே 1989-ல்தான். அதுவரை "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றுதான் டாக்டர்கள் எழுதிவந்தார்கள். கண்டுபிடித்த வேலைக்காக 2020-ல் 3 பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்பெல்லாம் வைத்தியம் என்றால் மாதக்கணக்கில் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு. அப்படியும் பாதிப் பேருக்கு குணமாகவில்லை.

2013 கடைசியில் அமெரிக்காவில் "சோபோஸ்புவிர்" மாத்திரை வந்தது. விலை ஒரு மாத்திரைக்கு ஆயிரம் டாலர்! 2014-ல் இந்திய கம்பெனிகளுக்கு அதை தயாரிக்க உரிமை கிடைத்தது. விலை சரிந்தது. 2018 ஜூலை 28-ந்தேதி மத்திய அரசு தொடங்கிய தேசிய திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம்.

பெரும்பாலோருக்கு சோபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் தினம் ஒரு வேளை, 84 நாள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மருந்து மாறும், சிலருக்கு நாளும் கூடும். 100-க்கு 95 பேருக்கு மேல் கிருமி ஒழிகிறது. நடுவில் நிறுத்தினால் பலன் கிடையாது. இருதயத்துக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்தான மருந்துகள் உண்டு. டாஸ்மாக் பக்கம் போகவே கூடாது.

மாத்திரை முடிந்து 3 மாதம் கழித்து மறுபடி ஒரு கிருமி சோதனை. அதில் இல்லை என்று வந்தால்தான் குணம்.

பீரோவில் வைக்க வேண்டிய சீட்டு

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குணமான பிறகும் அந்த முதல் சோதனை ஆயுள் முழுக்க "பாசிட்டிவ்" என்றே காட்டும். 5 வருஷம் கழித்து குடல் இறக்கத்துக்கோ கண்ணுக்கோ ஆபரேஷன் என்று போனால் பழைய கூத்து மறுபடி ஆரம்பிக்கும். கடைசி சீட்டை காட்டினால் பேச்சு முடிந்தது. ரேஷன் கார்டு மாதிரி அதை பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். குணமானவர் மறுபடி ரத்தம் மட்டும் கொடுக்கக்கூடாது. கிருமி திரும்ப தொற்றவும் செய்யும். இதற்கு தடுப்பூசி இல்லை.

தனித் தட்டு தேவையே இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், குழந்தையை தூக்குவதால் இது ஒட்டாது. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் ஒட்டும். சவரப் பிளேடையும் பல் பிரஷ்ஷையும் மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

திருவிழாவில் ஒரே ஊசி, ஒரே மையில் வரிசையாக பச்சை குத்துகிறார்களே, அதுதான் பயப்பட வேண்டிய இடம். சலூனில் புது பிளேடு போடச்சொல்லி கேட்க வெட்கப்படுகிறோம். எதற்கு வெட்கம்?

ரத்த வங்கிகளில் "சி" சோதனை கட்டாயம் ஆனது 2001-ம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே போவது?

மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையமாவது இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. கடலூர்க்காரர்கள் அரசு தலைமை ஆஸ்பத்திரியில் கேட்கலாம். சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகர் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக்கல்லூரியை 2021-ல் அரசு சுகாதாரத்துறையில் சேர்த்தார்கள். இப்போது அது அரசு கடலூர் மருத்துவக்கல்லூரி. பெயரைப் பார்த்து கடலூருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்! எந்த நாள், எந்த அறை என்று 104-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

போகும்போது பீரோவில் இருக்கும் அந்த முதல் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.