கடவுளுக்கு முதலிடம் (கிறித்தவம்)

கடவுளுக்கு முதலிடம் என்பது, பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரிடம் ஒருவர் கொண்டுள்ள அன்பையும் கடமையையும் விடக் கடவுள்மீது கொள்ளும் அன்பும் கீழ்ப்படிதலும் முற்பட்டவை எனக் கூறும் கிறித்தவக் கோட்பாடாகும். இது குடும்பத்தைத் துறக்கச் சொல்லும் போதனை எனப் பலரால் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆயினும் பெரும்பாலான திருச்சபைகள் இதனை அன்பின் வரிசைமுறை பற்றியதாகவே விளக்குகின்றன. தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றும் தமிழ்ச் சமூகத்தில் இக்கோட்பாடு தொடக்கம் முதலே கேள்விக்கு உள்ளாகி வந்துள்ளது.

விவிலிய அடிப்படை

மத்தேயு 10:37, லூக்கா 14:26 ஆகிய இரு வசனங்களே இக்கோட்பாட்டின் முதன்மை ஆதாரங்கள். தம்மைவிடத் தாய் தந்தையரையோ பிள்ளைகளையோ மிகுதியாக நேசிப்பவர் தமக்குத் தகுதியற்றவர் என்று இயேசு கூறுவதாக மத்தேயு எழுதுகிறார். லூக்காவின் நடை இதனினும் கடுமையானது. அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்லின் நேர்ப்பொருள் 'வெறுத்தல்' என்பதாகும்.

சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'வெறுத்தல்' என்றே அச்சொல்லைத் தருகிறது. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்போ, இயேசுவைவிட உறவினரை மேலாகக் கருதுதல் என்று அதனைப் பொருள்படுத்துகிறது. இரண்டும் பிழையல்ல. எபிரேய வழக்கில் 'வெறுத்தல்' என்பது 'குறைவாக நேசித்தல்' என்ற பொருளிலும் வரும். தொடக்கநூல் 29-ல் யாக்கோபு இலேயாவைவிட இராகேலை மிகுதியாக நேசித்ததைக் கூறியபின், அடுத்த வசனம் இலேயா வெறுக்கப்பட்டதாகக் கூறுவது இதற்குச் சான்று.

இதற்கு எதிர்ப்புறமாக வைத்துப் படிக்க வேண்டிய பகுதி மாற்கு 7:9-13 ஆகும். பெற்றோருக்கு உதவப் பயன்பட வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை எனச் சொல்லி அவர்களைக் கைவிடுவோரை இயேசு அங்கே கண்டிக்கிறார். கடவுளுக்கு முதலிடம் தருதல் என்பது பெற்றோரைப் பேணாதிருக்கச் சாக்காகாது என்பதற்கு இப்பகுதியே வலுவான ஆதாரம். தம் வீட்டாரைப் பேணாதவரைப் பவுலின் பெயரில் அமைந்த 1 திமொத்தேயு 5:8-ம் கடிந்துரைக்கிறது.

ஞானப்பிரகாசியாரும் உத்தமபாளையம் வட்டாரமும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள இராயப்பன்பட்டி, கத்தோலிக்கர் வாழும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுள் ஒன்று. அங்குள்ள புனித அலோசியஸ் மேல்நிலைப்பள்ளியின் பெயருக்குரிய அலோசியஸ் கொன்சாகா, தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ஞானப்பிரகாசியார் எனப்படுகிறார். இக்கோட்பாட்டை விளக்க இவருடைய வாழ்க்கை பெரிதும் பயன்படுகிறது.

வட இத்தாலியின் காசுதிலியோனே சிற்றரசரின் மூத்த மகனாக 1568-ல் பிறந்த இவர், இயேசு சபையில் சேர விரும்பினார். தந்தை பல ஆண்டுகள் இசையவில்லை. இறுதியில் 1585-ல் தம் அரசுரிமையைத் தம்பி ருடோல்போவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சபையில் சேர்ந்தார். கதை இத்துடன் முடிந்ததாகவே பலர் நினைக்கின்றனர். ஆனால் ருடோல்போவுக்கும் மாந்துவா கோமகனுக்கும் நிலவுரிமை பற்றிப் பகை மூண்டபோது, சபையின் இசைவுடன் ஊர் திரும்பி அவர்களைச் சமரசம் செய்துவைத்தவரும் இவரே. 1591-ல் உரோமையில் கொள்ளைநோயாளரைப் பேணியதில் நோயுற்று, 23-ம் வயதில் இறந்தார்.

துறவுக்கு வரம்பு

பிள்ளை ஒருவர் குருமடத்திற்கோ கன்னியர் மடத்திற்கோ செல்ல விரும்பும் வீடுகளில் இக்கேள்வி நடைமுறைக் கேள்வியாகிறது. வயது முதிர்ந்த பெற்றோரை யார் பார்ப்பது என்பதே அது. 13-ம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்குத் தெளிவான விடை தருகிறார்: தம் உதவியின்றி வாழ இயலாத நிலையில் பெற்றோர் இருப்பின், அவர்களை விட்டுத் துறவறம் புகுதல் ஆகாது. அத்தகைய தேவை இல்லாதபோது, பெற்றோர் விரும்பவில்லை என்பது மட்டும் தடையாகாது என்பதும் அவர் கருத்து. திருமண உறவு நீடிக்கும்போது கணவனோ மனைவியோ துறவறப் புகுநிலையில் சேர்வது செல்லாது என 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (விதி 643) கூறுகிறது.

மறவர் சீமையில்

தமிழகத்தில் இக்கோட்பாடு உயிர்ப்பலி வரை சென்ற நிகழ்வு அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) வரலாறாகும். 1647-ல் லிசுபனில் பிறந்த இவர் சிறுவயதில் நோயுற்றபோது, பிழைத்தால் மகன் ஓராண்டு இயேசு சபையாரின் உடை அணிவான் என நேர்ந்துகொண்டவர் இவருடைய தாய். அதே தாய், மகன் 1673-ல் இந்தியாவுக்குப் புறப்பட முற்பட்டபோது, திருத்தந்தையின் தூதர் வழியாக அதனைத் தடுக்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. அருளானந்தர் மதுரை மறைப்பணித்தளத்தில் பணியாற்றினார்.

அவரது முடிவுக்குக் காரணமானது வேறொரு குடும்பம். மறவர் சீமையின் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, பல மனைவியருள் ஒருவருடன் மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் நிபந்தனை விதித்தார். தேவரும் முதல் மனைவியைத் தவிர ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் இளையவரான கடலாயி, இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் முறையிடவே, அருளானந்தர் சிறைப்பட்டு 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மறைச்சாட்சி வரலாறுகளில் கடலாயி பழிவாங்கும் பெண்ணாகவே வருகிறார். தம் பிழை ஏதுமின்றி மணவாழ்வை இழந்தவர் அவர் என்பதும் நோக்கத்தக்கது. தடியத்தேவரின் மனமாற்றத்திற்கான விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் விலக்கப்பட்ட மனைவியரே.

திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய தேவசகாயம் பிள்ளையின் வரலாறு மாறுபட்டது. 1745-ல் திருமுழுக்குப் பெற்ற அவரைப் பின்பற்றி, மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். தேவசகாயம் 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சட்டமும் இலக்கியமும்

19-ம் நூற்றாண்டில் மதம் மாறியோர் குடும்பத்தையும் சொத்தையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது. மதம் மாறியதால் வாரிசுரிமை பறிபோகாது என 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் வகுத்தது. கிறித்தவரானவரை அவருடைய துணை அக்காரணத்தால் விட்டுப் பிரிந்தால், நீதிமன்றம் வழியாக மணமுறிவு பெற 1866-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. பிரிந்து போக விரும்பும் துணையைப் போக விடலாம் என்ற பவுலின் அறிவுரை (1 கொரிந்தியர் 7:15) இதற்கு ஒப்பானது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1858-ல் கிறித்தவரானவர். அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' (1894), ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவியது. பனியனின் கதைத்தலைவன், மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வருமாறு கூவுகையில், காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். தாம் சிறையிலிருந்த 12 ஆண்டுகளில், பார்வையற்ற மகளை எண்ணி மிக வருந்திய பனியன் எழுதிய காட்சி இது. 1684-ல் அவர் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியும் பிள்ளைகளும் அதே பாதையில் பயணம் புறப்படுகின்றனர்.