கழுத்துக் குழாயில் கனலும் அழற்சி

குச்சனூர்ப் பக்கம் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர்களுக்கு இது தெரியும். வாய்க்காலில் வண்டல் படிந்தால் நீர் மெல்ல மெல்லக் குறையும். கரை இற்று, மண்கட்டி சரிந்து கீழ்மடையில் அடைத்துக்கொண்டாலோ, நேற்றுவரை ஓடிய நீர் இன்று நின்றுபோகும்.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனிகளிலும் இவ்விரண்டும் நிகழ்கின்றன. நெடுங்காலம் மருத்துவர்கள் வண்டலையே பெரிதாக எண்ணினர். அதிலும் நியாயம் உண்டு. பக்கவாத அறிகுறி கண்டு, குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியவர்களைப் பற்றிய வட அமெரிக்க ஆய்வு ஒன்று 1991-இல் வெளியாயிற்று. மருந்து மட்டும் உண்டவர்களில் 100-க்கு 26 பேரை இரண்டாண்டுக்குள் அதே பக்கத்துப் பக்கவாதம் தாக்கியது. அறுவையால் அடைப்பை நீக்கிக்கொண்டவர்களில் 9 பேரையே தாக்கியது. ஆயினும், பாதிகூடச் சுருங்காத குழாயும் சிலரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறதே, ஏன்?

விடை கரையில் இருக்கிறது. குழாய்ச் சுவருக்குள் புகுந்த கொழுப்பைப் பகையெனக் கருதி வெள்ளணுக்கள் விழுங்க வருகின்றன. விழுங்கிப் பெருத்து அங்கேயே மடிகின்றன. அவை கக்கும் நொதிகள், கொழுப்புத் திட்டை மூடியுள்ள நார்த்தோலை அரிக்கின்றன. முள் தைத்த விரல் சிவந்து வீங்குவதும் இதே அழற்சிதான். விரல் வலிக்கும், குழாய் வலிப்பதில்லை. அதுதான் தொல்லை! தோல் கிழிந்த இடத்தில் குருதி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்கு ஓடிச் சிறு குழாயை அடைக்கிறது. ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1856-லேயே இதில் அழற்சியின் பங்கைச் சுட்டினார். நூறாண்டுக்கு மேல் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

அழற்சியைத் தணித்தால் என்ன? இங்கேதான் நம் செங்காந்தள் வருகிறது. தேனிக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் அதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து பிரிக்கப்படும் கோல்கிசின், மூட்டுவீக்கத்துக்குப் பழைய மருந்து. 2020-இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட இதய நோயாளர் 5,522 பேரில் நாள்தோறும் அரை மில்லிகிராம் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடுகள் 31 விழுக்காடு குறைந்தன. ஆனால் பக்கவாதம் கண்டவர்களிடமே நடத்தி 2024-இல் வெளியான ஆய்வு ஐயமறப் பலன் காட்டவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

அதற்காகக் கிழங்கைத் தின்று பார்க்க யாரும் முனைய வேண்டாம். கண்வலிக்கிழங்கு கொல்லும் நஞ்சு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அழற்சியையும் ஓரளவு தணிக்கின்றன. புகைப்பதோ அதை வளர்க்கிறது.

ஒரு பக்கக் கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிச் சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டால், 'சனி விட்டது' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். அப்போதே மருத்துவமனைக்கு விரையவேண்டும். கரை இற்றுச் சரியத் தொடங்கியதன் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும்.